காசைத் தொடாம ஓட்டின காலம்

வீட்டுச் செலவைக் குறைக்கறதைப் பத்திப் பேச்சு வந்தாலே, "உங்க பாட்டி காலத்துல எவ்வளவு சிக்கனமா இருந்தாங்க!"ன்னு பட்டணத்து நண்பர்கள் சொல்லுவாங்க. இருந்தாங்கங்கறது நெசந்தான். ஆனா அது நோட்டுல மாசக் கணக்கு எழுதி, இதுல நூறு அதுல இருநூறுன்னு வெட்டற சிக்கனம் இல்லீங்க. காசையே தொடாம நாளை ஓட்டறது. ரெண்டும் வேற வேற.

எங்க தாராபுரம், காங்கேயம் பக்கம் மேட்டுக்காடு. மானாவாரியில கம்பும் சோளமும் கொள்ளும் வெளையும். கெணத்துல தண்ணி இருந்தா ராகி. கொறங்காட்டுல மாடு மேயும். வீட்டுக்கு வேண்டியதுல முக்காவாசி காட்டுல இருந்தே வந்துரும். கடையில காசு குடுத்து வாங்கறது உப்பு, சீமெண்ணெய், தீப்பெட்டி, துணிமணி. கைக்குக் காசு வர்றது பருத்தியோ கன்னுக்குட்டியோ வித்தாத்தான். அதுலயும் கிஸ்தி கட்டணும். அதனால கை இறுகினா முதல்ல வெட்டுப்படறது கடைச் சாமான்தான்.

1942-ல ஜப்பான் படை பர்மாவைப் பிடிச்சதும் அங்கிருந்து வந்துட்டிருந்த அரிசியும் சீமெண்ணெயும் நின்னு போச்சு. மறு வருசம் மதராஸ் பட்டணத்துல ரேஷன் வந்தது, துணிக்கும் கட்டுப்பாடு வந்தது. அரிசி நின்னது எங்களுக்குப் பெரிய அடி இல்ல. நெல்லுச்சோறு நோம்பிக்கும் விருந்தாளிக்கும்தான். சீமெண்ணெயும் துணியும்தான் ஆளைப் படுத்தினது. அப்ப எங்க அப்பத்தா கல்யாணமாகி வந்த புதுசு. இதெல்லாம் அவங்க சொல்லக் கேட்டதுதான்.

பொழுது மசங்கறதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சாங்க. கட்டாயம் வெளிச்சம் வேணும்னா கொட்டமுத்து எண்ணெயில அகல் எரிஞ்சது. தீப்பெட்டியை மிச்சம் பிடிக்க, எந்த வீட்டுல அடுப்பு எரியுதோ அங்க போய் வரட்டித் துண்டுல கங்கு வாங்கிட்டு வருவாங்க. காலையில எந்த வீட்டுக் கூரையில முதல்ல புகை வருதுன்னு ஊரே பாத்துட்டிருக்குமாம். நடுவுல நஞ்சுபோன சேலையில அந்தப் பாகத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டு, ரெண்டு துண்டையும் சேர்த்துத் தெச்சுக் கட்டினாங்க. அதுவும் போனா தூளி, அதுக்கப்புறம் சட்டி இறக்கற பிடிதுணி. தலைக்கு அரப்பு. குழம்புக்குக் காய் வாங்கின பேச்சே இல்ல. மழை பேஞ்சா பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமுட்டிக்கீரைன்னு காடே கொடுக்கும். மழை இல்லாத மாசத்துல கொள்ளும் தட்டப்பயறும்.

இதோட சிறுவாடுன்னு ஒண்ணு இருந்துது. வெண்ணெய், மோர், கோழிமுட்டை வித்த காசைப் பொம்பளைங்க தனியாச் சேர்த்து, தானியம் போட்டு வெச்ச மொடாவுக்குள்ள புதைச்சு வெப்பாங்க. ஆம்பளைங்களுக்குத் தெரியும், ஆனா தெரியாத மாதிரி இருப்பாங்க. எங்கய்யன் ஐஸ்கூல்ல சேர்ந்தப்ப கட்டின சம்பளம் அந்த மொடாவுல இருந்து வந்ததுதான்.

இந்த எடத்துல கதையை நிறுத்திட்டா நல்லாத்தான் இருக்கும். ஆனா நிறுத்த முடியாது. எங்க அத்தையை அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க. மொடாவுல ஒருத்தர் படிக்கத்தான் காசு இருந்துச்சு, அந்த ஒருத்தர் யாருன்னு யாரும் உக்காந்து பேசல. பேசாமலே முடிவாகிப் போச்சு. சாப்பாடும் அப்படித்தான். முதல்ல ஆம்பளைங்க, அப்புறம் புள்ளைங்க, கடைசியில பொம்பளைங்க. தானியம் கொறைஞ்சா கொறையறது கடைசிப் பந்தியில. கம்மஞ்சோத்துப் பானையில தண்ணி ஊத்தி, அடியில இருக்கறதைக் கரைச்சுக் குடிச்சுட்டுப் படுத்த ராத்திரிகளை அப்பத்தா சர்வசாதாரணமாச் சொல்லுவாங்க. இன்னிக்கு சிறுதானியம், பழைய சோறுன்னு புகழ்ந்து எழுதறவங்க இந்தக் கடைசிப் பந்தியையும் சேர்த்து எழுதினா தேவலாம்.

1965-ல சாஸ்திரி பிரதமரா இருந்தப்ப, வாரத்துல ஒரு வேளை, திங்கக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விடுங்கன்னு நாட்டு மக்களைக் கேட்டுக்கிட்டார். ஓட்டல்கள் கூட அந்நேரம் அடைச்சிருந்துச்சு. "அவரு இப்பத்தான் சொல்றாரு, நாங்க எப்பவோ விட்டுட்டமே"ன்னு அப்பத்தா சிரிப்பாங்க. அந்த வருசமும் அடுத்த வருசமும் மழை பொய்ச்சு, அமெரிக்கக் கோதுமை கப்பல்ல வந்தது. எங்க ஊர்ல அதைச் சப்பாத்தி சுட ஆளில்ல. உடைச்சுச் சோறு மாதிரி ஆக்கினாங்க. 1967 தேர்தல்ல அரிசிதான் பெரிய பேச்சு. அண்ணா முதலமைச்சர் ஆனதும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலயும் கோயமுத்தூர்லயும் வந்தது. பட்டிக்காட்டுக்கு வரல.

ரேஷன் அரிசி எங்க ஊருக்குள்ள வந்து கெட்டிப்பட்ட பிறகுதான் கடைசிப் பந்தியிலயும் வயிறு நெறைஞ்சுது. 2006-ல கிலோ 2 ரூபாய், 2008-ல 1 ரூபாய், 2011-ல இருந்து இலவசம். சோம்பேறி ஆக்கிட்டாங்கன்னு டவுன்ல பேசறதைக் கேட்டிருக்கேன். அந்தப் பானை அடியைக் கரைச்சுக் குடிச்சவங்க வீட்டுல வந்து சொல்லிப் பாக்கட்டும்.

ஆனா இன்னொண்ணும் நடந்துது. கம்பங்காடு போச்சு. கெணறு ஆழம் போயி போர் ஆச்சு, மாடு கொறைஞ்சுது. இப்ப எங்க வீட்டுச் செலவும் உங்க வீட்டுச் செலவும் ஒண்ணுதான்: பள்ளிக்கூட வேன், ஆஸ்பத்திரி, பெட்ரோல், போன் ரீசார்ஜ், கடன் தவணை. எல்லாம் காசு. இதுல எதையும் பக்கத்து வீட்டுல கங்கு மாதிரி வாங்கிட்டு வர முடியாது. அப்பத்தாவோட சிக்கனத்துக்குப் பிடிக்க ஒரு கைப்பிடி இருந்துச்சு, அதுதான் காடு. நமக்கு அது இல்ல.

போன வருசம் சின்ன வெங்காயம் வெலை விழுந்தப்ப எங்க வீட்டுலயும் வெட்ட வேண்டி வந்தது. ராத்திரி நாலு பேரும் ஒண்ணா உக்காந்தோம். முதல்ல போனது என்னோட பேக்கரி டீயும் வடையும், நாளைக்கு நாப்பது ரூபாய். அப்புறம் வாராவாரம் எடுத்த கறி மாசம் ரெண்டாச்சு. பையனோட வண்டி ஆறு மாசம் தள்ளிப் போச்சு. மகளோட காலேஜ் ஃபீஸ் பேச்சை எடுத்ததே என் சம்சாரம்தான். அதுல கை வெக்கறதில்லைன்னு சொல்லிட்டுத்தான் மத்த கணக்கையே ஆரம்பிச்சா.