லாரியின் பின்னச்சு: ஒரு சிறு வரலாறு



சாலையில் லாரியின் பின்னே செல்லும்போது, அதன் பின்சக்கரங்களுக்கு நடுவே உருண்டையாகப் புடைத்து நிற்கும் இரும்புக் கூட்டைக் கண்டிருப்பீர்கள். "இதைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று மாணவர் ஒருவர் கேட்டால், ஒரே பெயரில் விடை சொல்ல இயலுமா?

வண்டி வளைவில் திரும்புகையில் வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிகத் தொலைவு உருள வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பிணைத்தால் சக்கரம் தரையில் இழுபட்டுத் தேயும். இதற்குத் தீர்வாக, கடிகாரத் தொழில் அறிந்த பிரெஞ்சுக்காரர் ஒனேசிபோர் பெக்கர், 1820களின் பிற்பகுதியில் தம் நீராவி வண்டிக்கென 'டிஃபரன்ஷியல்' எனும் பற்சக்கரத் தொகுதியை அமைத்துக் காப்புரிமை பெற்றார். 1877-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லி அத்தகைய அமைப்பை மூன்று சக்கர மிதிவண்டியில் பொருத்தினார். 1898-இல் லூயி ரெனோ தம் மகிழுந்தின் பின்னச்சைச் சங்கிலியின்றிச் சுழல்தண்டினால் இயக்கிக் காட்டினார்.

ஆயினும் லாரிகள் சங்கிலியை எளிதில் கைவிடவில்லை. மகிழுந்தின் அச்சு சுமப்பது சில மனிதர்களை. லாரியின் அச்சு சுமப்பதோ டன் கணக்கான சரக்கை. அத்தனை சுமையைத் தாங்கும் தண்டே சுழலவும் வேண்டுமெனில் அது முறிந்துபோகும் அபாயம் இருந்தது. எனவே அசையாத அச்சு ஒன்று சுமையைத் தாங்க, இருபுறமும் சங்கிலிகள் சக்கரங்களைச் சுழற்றின. சேறும் புழுதியும் படிந்து அவை தேய்ந்தன. அமெரிக்காவின் மேக் நிறுவனம் 1916-இல் வெளியிட்ட புகழ்பெற்ற 'ஏசி' லாரியும் சங்கிலியால்தான் ஓடியது.

மாற்றுவழி கண்டோருள் ஒருவர் விகோ டோர்பென்சன். சுமை தாங்க ஒரு தண்டு, சக்கரத்தைச் சுழற்ற வேறு தண்டு என வேலையைப் பகுத்து, இரண்டையும் ஒரே அச்சுத் தொகுதியில் இணைத்தார். 1911-இல் ஜோசப் ஈட்டன் அவருடன் சேர்ந்து நியூ ஜெர்சியில் தொழில் தொடங்கினார். முதலாண்டில் அவர்கள் செய்தவை ஏழே அச்சுகள்! ஈட்டன் எனும் பெருநிறுவனத்தின் வரலாறு அங்குதான் தொடங்குகிறது.

இன்றைய நடுத்தர லாரிகள் பலவற்றில் நாம் காணும் அந்த இரும்புக் கூடே சுமையைத் தாங்குகிறது. உள்ளிருக்கும் தண்டுகள் சக்கரங்களைச் சுழற்றுவதோடு சரி. வேலையைப் பகுக்கும் அதே எண்ணம்தான்.

பெக்கரிலிருந்து ஈட்டன் வரை ஏறத்தாழ 80 ஆண்டுகள், எத்தனையோ கைகள்! தேர்வுத்தாளில் ஒருவரி விடைக்கே இடமிருக்கலாம். வகுப்பறையிலும் வீட்டிலும், "யார் கண்டுபிடித்தார்?" என்பதோடு நில்லாமல், "எந்தச் சிக்கலைத் தீர்க்க?" என்றும் பிள்ளைகளைக் கேட்போமே.