மீன்தொட்டி ஒலித்தணிப்பு: திருகோணமலை மாவட்டம்

மீன்தொட்டி ஒலித்தணிப்பு என்பது, வீட்டில் அலங்கார மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியோடு இணைந்த காற்றுப்பம்பி, நீர்ப்பம்பி, வடிகட்டி, குழாய்கள் ஆகியவற்றிலிருந்து எழும் ஓசையை, மீன்களுக்கு வேண்டிய காற்றும் நீரோட்டமும் குறையாதபடி தணிக்கும் முறைகளைக் குறிக்கும். இலங்கையின் கிழக்கு மாகாணத்தில், இயற்கைத் துறைமுகம் ஒன்றைச் சூழ்ந்து அமைந்துள்ள திருகோணமலை மாவட்டம் கடல்சார் அலங்கார மீன்களோடு நெருங்கிய தொடர்புடையது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஏறத்தாழ ஏப்பிரல் முதல் ஒக்டோபர் வரை, கிழக்குக் கடல் அமைதியாக இருப்பதால் ஏற்றுமதிக்கான மீன்களைச் சுழியோடிப் பிடிப்போர் அக்காலத்தில் இக்கரையில் தொழில் செய்வர். நிலாவெளிக்கு அப்பால் பவளப்பாறைகள் சூழ்ந்த புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டமையால் அங்கு உயிரினம் பிடித்தல் சட்டப்படி குற்றமாகும்.

வரலாறு

நீர்வாழ் உயிரினங்களைக் கண்ணாடிக் கலத்தில் உயிரோடு வைத்து அவதானிக்கும் முறையை 1832இல் சிசிலித் தீவின் மெசீனா நகரில் வாழ்ந்த ழான் வில்லெப்ரூ பவர் என்னும் பெண்மணி தோற்றுவித்தார். 1850இல் இலண்டன் இரசாயனச் சங்கத்தில் ரொபேர்ட் வாரிங்டன், நீர்த்தாவரம் வெளிவிடும் ஒட்சிசனை மீனும், மீனின் கழிவைத் தாவரமும், அழுகும் இலைகளை நத்தையும் பயன்படுத்திக்கொள்ளும் சமநிலைத் தொட்டியை விளக்கினார். 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கொஸ்ஸின் நூல் வெளிவந்தபின் வீட்டுத்தொட்டி ஆங்கிலேய நடுத்தரக் குடும்பங்களில் பரவியது. வாரிங்டன் விளக்கிய தொட்டியில் பம்பியோ குழாயோ இல்லாமையால் அது முற்றிலும் ஓசையற்றது என்பதும், தொட்டியின் ஒலிச்சிக்கல் இயந்திரத்தோடு பிறந்ததே என்பதும் இங்கே கருதத்தக்கவை.

ஏறத்தாழ அதே காலத்தில் திருகோணமலையிலும் கடலுயிர் ஆய்வு தொடங்கியிருந்தது. இலங்கையில் 1819இல் பிறந்து இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய எட்வேர்ட் பிரெடெரிக் கெலார்ட், 1850களின் பிற்பகுதியில் அரசின் பணிப்பின்பேரில் முத்துச்சிப்பியின் இயற்கை வரலாற்றை ஆராய்ந்தார். சிப்பி தன்னைப் பாறையோடு பிணைக்கும் நாரைத் தானே அறுத்துக்கொண்டு இடம்பெயர்ந்து, புதிய நாரை உண்டாக்கவும் வல்லது என்பதை உயிருள்ள சிப்பிகளை அவதானித்து நிறுவியவர் அவரே. திருகோணமலைக் கரையின் ஓடில்லாக் கடல் நத்தைகள் பலவற்றையும் அவர் முதன்முதலாக விவரித்தார். 1860இல் இங்கிலாந்து செல்லும் வழியில் அவர் இறக்காதிருந்தால் இத்துறைமுகம் ஆசியக் கடலுயிரியலின் முதன்மை நிலையங்களுள் ஒன்றாக வளர்ந்திருக்கக்கூடும்.

கிழக்கு மாகாணத்தின் பிறிதொரு பதிவு ஒலித்தணிப்புக்கு இன்னும் நேரான தொடர்புடையது. 1848இல் மட்டக்களப்பு வாவியில் புகழ்பெற்ற ‘பாடும் மீன்’ ஓசையை ஓடத்தில் சென்று கேட்ட குடியேற்ற நாட்டுச் செயலாளர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், ஓடத்தின் பலகையில் காதை வைத்தபோது அவ்வோசை மிகவும் பெருகிக் கேட்டதாக எழுதினார். துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறு முனையில் காது வைத்துக் கேட்கும் வழக்கம் அவ்வாவியின் மீனவரிடம் நிலைத்திருந்தது. நீரில் பிறக்கும் அதிர்வு திண்மப்பொருள் வழியே குறைந்த இழப்புடன் கடந்து வரும் என்னும் உண்மையை அம்மீனவர் நடைமுறையில் அறிந்திருந்தனர். பம்பியின் அதிர்வு அலுமாரிப் பலகைக்கும் சுவருக்கும் தாவுவது இதே நியதிப்படியாகும்.

இயந்திரம் வைத்து நீரைச் சுற்றவிடும் முறையைச் செம்மைப்படுத்தியவர் வில்லியம் அல்போர்ட் லொயிட். இலண்டன் பளிங்கு மாளிகையில் 1871இல் திறக்கப்பட்ட மீன்காட்சியகத்தில், காட்சித் தொட்டிகளைவிடப் பெரிய நீர்த்தேக்கத்தை இருளில் நிலத்தடியில் அமைத்து, நீராவியால் இயங்கிய பம்பிகள் மூலம் கடல்நீரை இடையறாது மேலேற்றினார். பார்வையாளர் நிற்கும் இடத்துக்கும் நீர் தேங்கும் இடத்துக்கும் இடையே பிரிவு உண்டாக்கிய அவரது அமைப்பே, இன்று தொட்டியின் அடியில் மூடிய அலுமாரிக்குள் வைக்கப்படும் கீழ்த்தொட்டிக்கு முன்னோடி. தமிழகத்தில் எட்கர் தேர்ஸ்டன் முயற்சியால் 1909இல் சென்னைக் கடற்கரையில் திறக்கப்பட்ட மீன்காட்சியகம் 1919இல் மீன்வளத் துறையின் பொறுப்புக்கு வந்தது. திருகோணமலை மீது யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய 1942ஆம் ஆண்டிலேயே, போர் அச்சத்தால் அது மூடப்பட்டது.

மின்சாரம் வீடுகளுக்கு வந்தபின் காற்றுப்பம்பி பரவியது. அதைத் தொடர்ந்து ஜேர்மனியின் ஐகைம் நிறுவனம் 1960களில் அறிமுகப்படுத்திய மூடிய வடிகட்டி, நீர் வீழ்ச்சியின்றி இயங்கியதால், ஓசை குறைந்த வடிகட்டிகளின் தொடக்கமாயிற்று.

ஓசை எழும் விதம்

இலங்கையில் வீடுகளுக்கு வழங்கப்படும் மின் 230 வோல்ட் அழுத்தமும், ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையாகிய மீடிறன் 50 ஹேர்ட்சும் கொண்ட ஆடலோட்டமாகும். காற்றுப்பம்பியினுள் மின்காந்தத்தின் அருகே காந்தம் பொருத்திய நெம்பு ஒன்று இந்த ஓட்டத்துக்கு ஏற்ப அசைந்து இறப்பர் மென்சவ்வை இழுத்துத் தள்ளுவதால், அது 50 ஹேர்ட்சிலும் அதன் மடங்குகளிலும் இரைகிறது. சாதாரண நீர்ப்பம்பியில் காந்தச் சுழலி செக்கனுக்கு 50 முறை, அதாவது நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்கிறது. அதன் அச்சில் தேய்வு ஏற்பட்டாலோ சுண்ணாம்பு படிந்தாலோ கடகடவென்னும் ஓசை எழும். கரையோரக் கிணற்று நீர் கடினமாக உள்ள இடங்களில் இப்படிவு விரைவாக உண்டாகும். வினாகிரியில் ஊறவைத்து மென்தூரிகையால் தேய்த்தால் அது கரைந்துவிடும்.

குழாய்களின் ஓசை வேறு வகையைச் சேர்ந்தது. ஓடும் நீரின் சலசலப்பு அதில் சிக்கிய காற்றுக்குமிழிகள் அதிர்வதால் எழுகிறது என்பதை ஒல்லாந்த அறிஞர் மார்செல் மின்னார்ட் 1933இல் காட்டினார். அவரது சூத்திரப்படி 1 மில்லிமீற்றர் ஆரையுடைய குமிழி ஏறத்தாழ 3,300 ஹேர்ட்சிலும், 5 மில்லிமீற்றர் குமிழி ஏறத்தாழ 650 ஹேர்ட்சிலும் ஒலிக்கும். மனிதக் காது 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரையிலான ஓசைகளையே மிகக் கூர்மையாக உணர்வதால், நுண்குமிழிகளின் சீறல் சிறிதாயினும் உறக்கத்தைக் கெடுக்கிறது. ஆகவே குழாயில் காற்று கலவாமல் தடுத்தலே நீரோசையைத் தணிக்கும் உண்மையான வழி. குழாயைத் துணியால் சுற்றுதல் முதலியன அதற்குப் பின்னரே எண்ணத்தக்கவை.

ஓசையால் மீனும் வருந்துகிறது. தங்கமீன், கொய் முதலிய கெண்டைக் குடும்பத்து மீன்களில் காற்றுப்பையை உட்காதோடு இணைக்கும் சிற்றெலும்புத் தொடரை 1820இல் ஏர்ன்ஸ்ட் ஹைன்றிக் வேபர் விவரித்தார். இவ்வமைப்பால் அவை ஏனைய பல மீன்களைவிட நுட்பமாகக் கேட்கின்றன; வடிகட்டியின் ஓசை தாழ்ந்த மீடிறன்களில் தங்கமீனின் கேட்டலை மறைப்பதை வியன்னாப் பல்கலைக்கழக ஆய்வாளர் அளந்து காட்டியுள்ளனர்.

தணிக்கும் முறைகள்

அதிர்வைப் பிரித்தல் முதலாவது முறையாகும். பம்பியின் அடியில் வைக்கும் மெத்தை பம்பியின் எடையால் எவ்வளவு அமிழ்கிறது என்பதே அதன் பயனை முடிவுசெய்கிறது. 1 மில்லிமீற்றர் அமிழும் மெத்தையின் இயல்பு மீடிறன் ஏறத்தாழ 16 ஹேர்ட்ஸ். பம்பியின் 50 ஹேர்ட்ஸ் அதைப்போல் மும்மடங்காக இருப்பதால் அதிர்வின் பெரும்பகுதி கீழே இறங்காது. சிறு காற்றுப்பம்பி எடை குறைந்தது. தடித்த இறப்பர்த் தகட்டையோ ரெஜிபோம் எனப்படும் நுரைப் பலகையையோ அது அழுத்துவதில்லை என்பதால், அவற்றின்மேல் வைத்தும் ஓசை குறையவில்லை என்று பலர் சலிப்படைகின்றனர். கனமான தரையோட்டுத் துண்டு ஒன்றில் பம்பியைப் பொருத்தி, அத்துண்டை மெத்தென்ற கடற்பஞ்சின்மேல் வைத்தால் விளைவு உடனே தெரியும். ரெஜிபோமின் இடம் கண்ணாடித் தொட்டியின் அடிப்பாகம். அங்கே அது பாரத்தைச் சமமாகப் பரப்பிக் கண்ணாடி வெடிக்காமல் காக்கிறது. பம்பியைச் சுவரோடு ஒட்டி வைக்கலாகாது. நீர்ப்பம்பியிலிருந்து மேலெழும் எஸ்லோன் (பீ.வீ.சி.) குழாயின் தொடக்கத்தில் ஒரு முழ நீளம் மென்மையான சிலிக்கன் குழாயை இணைத்தால் அதிர்வு குழாய் வழியே ஏறாது.

காற்றைச் சிறு குமிழிகளாக வெளிவிடும் காற்றுக்கல் அடைபட்டால் பம்பியின் மீது எதிரழுத்தம் கூடி ஓசை உயர்வதோடு மென்சவ்வும் கிழியும். ஆதலால் கல்லை மாற்றுவது மிக மலிவான ஒலித்தணிப்பாகும். காற்றுப்பம்பி நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், அல்லது அதன் குழாயில் ஒருவழி வால்வு இருக்க வேண்டும். இல்லையேல் மின்வெட்டின்போது தொட்டி நீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கிப் பம்பியை அழித்துவிடும்.

கீழ்த்தொட்டி உள்ள அமைப்புகளில் நீர் இறங்கும் குழாயே பேரோசைக்குக் காரணம். அமெரிக்கரான ரிச்சர்ட் டர்சோவின் பெயரால் வழங்கும் நிலைக்குழாயில், உச்சியில் கவைக்குழாயைப் பொருத்தி, அதன் மூடியில் சிறு துளையிட்டு, காற்று அளவாக நுழையுமாறு செய்யப்படுகிறது. இது உறிஞ்சலோசையை நீக்கினாலும் குமிழியை நீக்குவதில்லை. மூன்று குழாய் முறையே எல்லாவற்றிலும் சிறந்தது. அதில் முதற்குழாய் வால்வால் அடக்கப்பட்டுக் காற்றின்றி முழுவதும் நீர் நிறைந்து சைபனாக இயங்கும். இரண்டாவதில் எஞ்சிய சிறு நீர் சுவரோடு வழிந்து ஓசையின்றி இறங்கும். மூன்றாவது, முன்னவை அடைபடும் வேளைக்காக வெறுமையாக நிற்கும். குழாய் முனை கீழ்த்தொட்டி நீரில் 2 சென்றிமீற்றர் அளவே அமிழ வேண்டும். ஆழ அமிழ்ந்தால் சைபன் தொடங்கும்போது காற்று வெளியேற இயலாமல் கொப்புளிக்கும். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் தடைப்பட்டது. அத்தகைய நாட்களில் எவரும் தொடாமலேயே அடங்கித் தொடங்கக்கூடிய இம்முறையின் மேன்மை தெளிவாகும். 90 பாகை வளைவு ஒன்றுக்குப் பதிலாக 45 பாகை வளைவுகள் இரண்டை இடுதலும் நன்று.

இரு பம்பிகள் சமமாக ஒலித்தால் ஒன்றை நிறுத்துவதால் 3 டெசிபலே குறையும். ஆகவே மிகுந்து ஒலிப்பதையே முதலில் இனங்கண்டு திருத்த வேண்டும். இலங்கையின் 1996ஆம் ஆண்டுத் தேசிய சுற்றாடல் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் நகர, மாநகர சபை எல்லைகளில் இரவுக்கு 50 டெசிபலையும், பிரதேச சபைப் பகுதிகளில் 45 டெசிபலையும் உச்சமாக விதிக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 1999இல் படுக்கையறைக்குப் பரிந்துரைத்தது 30 டெசிபலாகும்; மீன் வளர்ப்போர் இலக்காகக் கொள்ள வேண்டியது இதுவே.

தற்காலத்தில் நேரோட்ட மின்னில் இயங்கி, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இடந்தரும் நீர்ப்பம்பிகள் இலங்கைச் சந்தையில் கிடைக்கின்றன; இவை பழைய வகைகளைவிட ஓசை குறைந்தவை, விலை கூடியவை.