வன்னி நிலமும் பீனிச நோயும் – ஒரு வரலாற்று நோக்கு

நோய்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் உயிர்கொள்ளும் நோய்களையே நோக்கியுள்ளனர். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் அரசாங்க ஏடுகளில் இடம்பெற்றன. ஒருவரை மாய்க்காது, ஆண்டுக்கணக்காக அவரது மூச்சையும் உறக்கத்தையும் உழைப்பையும் சிறுகச் சிறுகக் குறைக்கும் நோய்களோ அவ்வேடுகளுக்குப் புறம்பாகவே நின்றன. நாட்பட்ட மூக்கழற்சி அத்தகையதொரு நோயாகும். சித்த மருத்துவர் அதனைப் பீனிசம் என்னும் நோய்த்தொகுதியுள் அடக்குவர். மக்கள் வழக்கிலோ அது 'தடிமன்' என்ற பொதுச்சொல்லுள் மறைந்து கிடக்கின்றது. வன்னிப் பெருநிலத்தில் இந்நோய் கொண்ட இடத்தை ஆராயின், அது மூக்கின் கதையாக மட்டுமன்றி நிலத்தின் கதையாகவும் விரிவதைக் காணலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வன்னியைப் பற்றி எழுதியோர் இருபெரும் நோய்களைக் கண்டனர். ஒன்று காடும் குளமும் சூழ்ந்த ஊர்களை வாட்டிய மலேரியாக் காய்ச்சல். மற்றையது பறங்கிப் புண். பின்னையது குறித்து கின்சி என்பார் 1881இல் தனியறிக்கையே வெளியிட்டார். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கையேடு அக்கால வன்னியை அறிய விழைவோர்க்கு இன்றும் பயன்படும் நூலாகும். இத்தகைய பெருநோய்கள் மலிந்த நாட்டிலே ஓயாத தும்மலும் மூக்கடைப்பும் நோயென மதிக்கப்படாமை வியப்பன்று. பெருநோய்கள் விலகிய பின்னரே சிறுநோய்கள் கண்ணுக்குப் புலனாகின்றன. இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தமை இவ்வகையில் நினைக்கத்தக்கது.

எனினும் சுதேச மருத்துவம் இந்நோயைப் புறக்கணித்ததில்லை. யாழ்ப்பாண அரசர் காலத்தன எனக் கருதப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்கள் வடபுலத்துப் பரியாரிமார்க்கு வழிகாட்டின. பீனிசத்தை வாதம், பித்தம், கபம் என்பவற்றின் கேட்டால் விளைவதாகக் கொண்ட சித்த மரபு, மூக்கினுள் மருந்திடும் நசியத்தையும் நொச்சியிலை இட்டு ஆவி பிடித்தலையும் விதித்தது. நாற்பத்தைந்து நாட்களுக்கு ஒருமுறை நசியம் செய்க என்பது தேரையர் பெயரால் வழங்கும் ஒழுக்க விதிகளுள் ஒன்று. நோய் வந்தபின் மட்டுமன்றி, வருமுன்னரும் இடையறாது பேணவேண்டிய உறுப்பு மூக்கு என்னும் கருத்து அவ்விதியில் அடங்கியுள்ளது.

நோய்க்குக் காரணம் புறத்தேயும் இருத்தல் கூடும் என்ற எண்ணமும் பழையதே. ரோசாமலர் பூக்கும் இளவேனிலில் ஒருவர்க்கு மூக்கொழுகல் உண்டாவதைப் பாரசீக மருத்துவர் அல்-ராசி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுதினார். இலண்டன் மருத்துவர் ஜோன் பொஸ்ரொக் கோடைதோறும் தம்மை வாட்டிய நோயை 1819இல் விவரித்தார். மன்செஸ்டரைச் சேர்ந்த சாள்ஸ் பிளாக்லி தம் மூக்கிலேயே மகரந்தத்தை இட்டுச் சோதித்து, புல்லின் மகரந்தமே அதற்குக் காரணம் என 1873இல் நிறுவினார். 1906இல் வொன் பிர்கே 'அலர்ஜி' என்ற சொல்லை ஆக்கினார்; தமிழ் அதனை ஒவ்வாமை என்றது. வீட்டுத்தூசியில் வாழும் நுண்ணுண்ணிகளின் பங்கு 1964இலும், ஒவ்வாமையை விளைக்கும் குருதிப் புரதம் அதையடுத்த மூன்றாண்டுகளிலும் வெளிப்பட்டன. மூக்கழற்சி யாவும் ஒவ்வாமையால் வருவனவல்ல. ஆயினும் அதன் பெரும்பகுதிக்கு விளக்கம் கிடைத்தது.

இவ்விளக்கத்தை வன்னியில் வைத்து நோக்குவோம். சூடு மிதிக்குங்கால் எழும் பதர்த்தூசியும், சோளகம் வீசும் வறண்ட மாதங்களில் பறக்கும் புழுதியும், அடுப்புப் புகையும் வன்னி உழவர்க்குப் பழகியவை. இவற்றோடு புதியதொரு பகையும் வந்து சேர்ந்தது. அமெரிக்க வெப்ப நாடுகளைத் தாயகமாகக் கொண்ட பார்த்தீனியம் என்னும் களை, 1950களில் இந்தியாவின் பூனா நகரில் காணப்பட்டு விரைந்து பரவிற்று. அதன் மகரந்தம் மூக்கழற்சியை விளைத்தலைப் பெங்களூரில் நிகழ்ந்த ஆய்வுகள் 1991இல் எடுத்துக்காட்டின. இலங்கையில் இக்களை 1999இல் வவுனியாவிலேதான் முதன்முதல் அறிவிக்கப்பட்டது. 1987இல் வந்த இந்திய அமைதிப் படையினர் உணவுக்காகக் கொணர்ந்த ஆடுகளோடு இதன் விதைகளும் வந்தன என்பதே ஆய்வாளர் பலர் தரும் விளக்கம்.

போர் அக்களைக்கு ஏற்ற நிலத்தையும் ஆக்கிக் கொடுத்தது எனலாம். உழவு மாறாத வயலைவிடக் கைவிடப்பட்ட தரையிலும் தெருவோரத்திலுமே பார்த்தீனியம் செழிக்கும். ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். 2009இல் போர் முடிந்து, செட்டிகுளத்து முகாம்களிலிருந்து மக்கள் படிப்படியாகத் தம் ஊர்களுக்குத் திரும்பியபோது, பற்றை மூடிய காணிகளைத் துப்புரவாக்குதலே முதற்பணியாயிற்று. தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தீங்கான களையென அறிவிக்கப்பட்ட அச்செடியைக் கையுறையும் முகக்கவசமும் இன்றிப் பிடுங்குவோர்க்குத் தோலழற்சியும் தும்மலும் நேரும். நிலத்தை மீட்கும் உழைப்பே மூச்சைக் குறைக்கும் உழைப்பாக மாறிவிடும் அவலம் இதுவாகும்.

இந்நோயோடு வாழ்தல் எவ்வாறு? இன்றைய மருத்துவம் விரைவில் தீர்க்கும் மருந்தெதனையும் வாக்களிப்பதில்லை, ஒழுங்கையே வேண்டுகின்றது. கொதித்தாறிய நீரில் உப்பிட்டு மூக்கைக் கழுவுதல், மருத்துவர் விதித்த ஸ்ரீரொயிட் மூக்குத் தூவலை அறிகுறி தணிந்த நாட்களிலும் விடாது கையாளல், அடைப்பை உடனே நீக்கும் சொட்டுமருந்தைச் சில நாட்களுக்குமேல் பயன்படுத்தாமை என்பன அவற்றுட் சில. அச்சொட்டுமருந்தை நீட்டித்தால் அதுவே அடைப்பை வளர்க்கும். மூக்கழற்சியும் ஆஸ்துமாவும் ஒரே மூச்சுப்பாதையின் நோய்கள் என 2001இல் வெளியான அனைத்துலக வழிகாட்டி வலியுறுத்தியது. ஆதலின் 'வெறும் தடிமன்' என அதனை ஒதுக்குதல் தகாது.

ஆயினும் தனிமனித ஒழுங்கு மட்டும் போதாது. மூக்கைக் கழுவுபவர் மீண்டும் பார்த்தீனியம் பூத்த ஒழுங்கையூடாகவே வயலுக்குச் செல்கின்றார். அக்களையைப் பூக்குமுன் வேரோடு அகற்றுதல் ஊர் கூடிச் செய்யவேண்டிய பணி. ஒரு காணியில் விட்டது அயற்காணிக்கெல்லாம் விதையாகும். மலேரியாவை வெல்ல மருந்தோடு நீர்நிலைகளையும் வீடுகளையும் நாடு கவனித்தது. அப்பெருநோய்க்குக் காட்டிய கவனத்தில் ஒரு பங்கையேனும் இச்சிறுநோய்க்கும் காட்டுதல், திரும்பி வந்து வாழ்வோர்க்கு வன்னி நிலம் மீண்டும் மூச்சுவிடத்தக்க இடமாவதற்கு இன்றியமையாததாகும்.