மனைவியின் முறை

குளத்துத் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவது கடையம் பக்கத்து வயல்களுக்குப் புதிதல்ல. இன்று உன் முறை, நாளை என் முறை. அரிஸ்டாட்டில் சொன்ன குடிமக்கள் ஆட்சியும் ஏறத்தாழ இதுதான்: சமமானவர்கள் மாறி மாறி ஆள்வது, ஆளப்படுவது. ‘அரசியல்’ நூலின் முதல் பகுதியில், கணவன் மனைவியை ஆள்வதையும் அவர் இந்த ஆட்சியோடுதான் ஒப்பிடுகிறார். அடிமையை ஆள்வது போன்றதல்ல என்கிறார். ஆனால் மனைவியின் முறை மட்டும் வருவதே இல்லை. ஆளத் தகுந்தவன் ஆண் என்று இயற்கையின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவருடைய ஆசிரியர் பிளேட்டோவோ, காவலர் வகுப்புப் பெண்களும் ஆண்களைப் போலவே கற்று நாட்டை ஆளலாம் என்று எழுதியிருந்தார். பின்வந்த குடியரசுவாதிகள் பெரும்பாலும் மாணவரைத்தான் பின்பற்றினார்கள். வியப்பென்ன? வீட்டில் ஒருத்தி சோறாக்கினால்தானே இவர்கள் சபைக்குப் போக முடியும்!

1791இல் பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதிய ஒலாம்ப் தெ கூஜை, இரண்டே ஆண்டில் பிரெஞ்சுக் குடியரசு கில்லட்டினுக்கு அனுப்பியது.

அந்தப் புரட்சியின் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவத்தை ‘இந்தியா’ இதழின் முழக்கமாக்கியவர் பாரதி. இத்தாலியக் குடியரசுவாதி மாஜினியின் சபதத்தைத் தமிழாக்கியவரும் அவரே. பெண்ணைச் சமமாக நடத்தச் சொன்ன அபூர்வமான குடியரசுவாதி மாஜினி. ‘பெண் விடுதலை’ கட்டுரையில் பாரதி குழந்தை மணம் கூடாது என்கிறார். தந்தை சொத்தில் மகளுக்குச் சமபங்கு கேட்கிறார். அரசியல் உரிமைக்கு வரும்போது மட்டும் குரல் தணிகிறது. ஆண்களுக்கே அது இல்லாத நாட்டில் பெண்களுக்கு இப்போது கேட்டுப் பயனில்லை, சுயராஜ்யம் வந்தால் அவசியம் பங்கு தர வேண்டும் என்கிறார். நான் மிகவும் மதிக்கும் கட்டுரை அது. இந்த இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். அவரிடமும் நமக்கு ‘பிறகு’தானா?

பெண்கள் காத்திருக்கவில்லை. 1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டார்கள். சுயராஜ்யம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, பாரதி மறைந்த அதே 1921இல், சென்னைச் சட்டசபை அதைத் தந்தது. சொத்துள்ளவர்களுக்கு மட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையான பாரதி, மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்துக்கு வந்தார். மனைவியின் தோளில் கைபோட்டு அவர் தெருவில் நடந்ததை ஊர் ஏளனம் செய்தது என்பார்கள். புரட்சி அவருடையது என்று நாம் கொண்டாடுகிறோம். அதே தெருவில் தண்ணீருக்கும் கடனுக்கும் மறுநாள் தனியாக நடக்க வேண்டியவர் செல்லம்மாள். ஏழு வயதில் மணமுடிக்கப்பட்டவரிடம் அந்தப் புரட்சிக்குச் சம்மதமா என்று யார் கேட்டார்கள்?

கணவர் இறந்தபின் ‘பாரதி ஆச்ரமம்’ தொடங்கி 1922இல் அவருடைய பாடல்களை அச்சிட்டவரும் அவரே. 1951இல் திருச்சி வானொலியில் பேசும் முறை வந்தது. கவிஞனுக்கு மனைவியாக இருப்பதன் கஷ்டத்தை மறைக்காமல் சொன்னார். அந்த உரையின் தலைப்பு ‘என் கணவர்’.