விரிகோண வில்லையும் மன்னார்க் கரையும்

மன்னார்த் தீவின் நிலம் தட்டையானது. அங்கே மலையில்லை, பெருங்காடில்லை. பள்ளிமுனையிலிருந்து தலைமன்னார் வரை செல்வோரின் கண்ணுக்குத் தென்படுவன மணலும் பனையும் கடலும், அவற்றின் மேல் கவிந்து நிற்கும் பெருவானமுமே. இக்காட்சியைப் படத்தில் அடக்க முயலும் எவரும் முதல் நாளிலேயே ஒரு குறையை உணர்வர். கண் கண்டதில் பாதியைக்கூடக் கமரா காட்டுவதில்லை. அதனால், "அகன்ற காட்சி தரும் வில்லை ஒன்று வேண்டும்; ஆனால் கையிலுள்ள பணமோ கொஞ்சம்; எதனை வாங்கலாம்?" என்னும் வினா எழுகிறது. இது இன்றைய வினாவாகத் தோன்றினும் இதற்குப் பின்னால் நூற்றறுபது ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தவர் கடையில் ஏமாற மாட்டார்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். முழுச்சட்டகக் கமரா என்பது 36 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் உயரமும் உள்ள பரப்பிற் படம் பதிக்கும் கருவி. அவ்வளவு, 1925ஆம் ஆண்டில் ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த லைக்கா கமராவினாற் பரவியது. அதிலே 50 மி.மீ. குவியத்தூரமுள்ள வில்லை, மூலைக்கு மூலை ஏறத்தாழ 47 பாகையைக் காணும். 24 மி.மீ. வில்லை 84 பாகையும், 20 மி.மீ. வில்லை 94 பாகையும், 14 மி.மீ. வில்லை 114 பாகையும் காணும். குவியத்தூரம் குறையக் குறையக் காட்சி விரிகிறது. அத்துடன் சில துன்பங்களும் சேர்ந்து வருகின்றன.

அத்துன்பங்களை முதலில் எதிர்கொண்டவர்கள் கண்ணாடித் தட்டுகளிற் படமெடுத்த முன்னோர்களே. 1859இல் தோமஸ் சற்றன் என்னும் ஆங்கிலேயர், உள்ளே நீர் நிரப்பிய உருண்டை வடிவான வில்லையொன்றை அமைத்து 120 பாகைக் காட்சியைப் பிடித்தார். ஆனால் அதற்கு வளைந்த கண்ணாடித் தட்டு வேண்டியிருந்தது. தட்டையான தட்டில் அகன்ற காட்சியைத் தர, 1862இல் அமெரிக்காவில் ஹரிசனும் ஷ்னிற்சரும் 'குளோப்' வில்லையை வெளியிட்டனர். அக்காலத்தில் நமது நாட்டில் 1870–71ஆம் ஆண்டுகளில் ஜோசப் லோட்டன் என்பவர், அநுராதபுரம், பொலநறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் இடிபாடுகளை அரசின் பொருட்டுப் படமெடுத்தார். தட்டிலே மருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்து, அவ்விடத்திலேயே கூடாரத்தின் இருளிற் கழுவ வேண்டிய காலம் அது. அந்தச் சிரமத்தின் பயனாகவே, பின்னாளில் மாறிப்போன பல இடங்களின் பழைய தோற்றத்தை இன்று காண முடிகிறது.

1900இல் ஜேர்மனியின் கோர்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த எமில் வொன் ஹூக் 'ஹைப்பர்கொன்' என்னும் வில்லையை ஆக்கினார். இரண்டே கண்ணாடிகள்; கிண்ணம்போல வளைந்தவை; காட்சியோ 135 பாகை. ஆனால் ஒளி நடுவில் மிகுந்து ஓரத்தில் மங்கியது. இது கைவினையின் குறையன்று, இயற்கை விதி. எளிய வில்லையொன்றில் 45 பாகை சாய்ந்து வரும் கதிர் நடுவிலுள்ள ஒளியில் நாலிலொரு பங்கையே தரும். 57 பாகை சாய்ந்தால் பதினொன்றிலொரு பங்கே கிட்டும். ஆகவே ஹைப்பர்கொன் வில்லையின் முன்னே நட்சத்திர வடிவான சிறு தகடு ஒன்றை வைத்து, காற்றை ஊதி அதனைச் சுழலச் செய்து, நடுவின் ஒளியைக் குறைத்தார்கள். மிகச் சிறிய துவாரத்தினூடாகப் பொறுமையாகப் படமெடுக்க வேண்டியிருந்தது. அகலத்துக்கு அன்று கொடுத்த விலை ஒளியும் காலமும் ஆகும்.

1933இல் சைஸ் நிறுவனத்தின் றொபேட் றிக்ரர் வானூர்தியிலிருந்து நிலம் அளப்பதற்காக 'டொப்பொகொன்' வில்லையை வகுத்தார். 1954இல் அந்நிறுவனத்தின் 21 மி.மீ. 'பயோகொன்' வெளிவந்தது; நேர்கோடுகளை நேராகவே காட்டியதால் அது புகழ்பெற்றது. ஆனால் இத்தகைய வில்லைகள் படச்சுருளுக்கு மிக அண்மையில் அமர்ந்தன. உள்ளே கண்ணாடி எழுந்து தாழும் கமராக்கள் பரவியபோது அக்கண்ணாடிக்கு இடம் விட வேண்டியதாயிற்று. 1950இல் பிரான்சின் அஞ்செனியோ நிறுவனம் இதற்கு வழி கண்டது. முன்னே பெரிய குழிவில்லையை வைத்து, பின்னே இடைவெளி விட்ட அந்த அமைப்பே பின்னர் பொதுவழக்காயிற்று. அதன் விலை பருமனும் எடையும். நேர்கோடுகள் வளைதலும் கூடவே வந்தது.

பின்னர்ப் பணமும் விலையாகச் சேர்ந்தது. 1969இல் வந்த 15 மி.மீ. 'ஹொலொகொன்' செல்வர்க்கே உரியதாயிருந்தது. 1999இல் ஜப்பானின் கொசீனா நிறுவனம் அதே 15 மி.மீ. அளவில், பொதுமக்கள் எட்டக்கூடிய விலையில் ஒரு வில்லையை வெளியிட்டது. 2009ஐ ஒட்டிக் கொரியாவின் சம்யங் நிறுவனம் கையாற் குவியப்படுத்தும் 14 மி.மீ. வில்லையை மலிவாகத் தந்தது. 2021இல் கனன் நிறுவனம் வெறும் 165 கிராம் எடையுள்ள 16 மி.மீ. வில்லையை அமெரிக்காவில் 299 டொலருக்கு அறிவித்தது. இவ்விலை எப்படிக் குறைந்தது? கண்ணாடி செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியைக் கணினி ஏற்றுக்கொண்டதே காரணம். வளைந்த கோட்டை நிமிர்த்துவதும் மங்கிய மூலையை வெளுப்பதும் இன்று கணக்கினால் நடைபெறுகின்றன. ஆனால் அப்படி நீட்டப்பட்ட மூலைகள் கூர்மையிற் சிறிது இழக்கின்றன. விலை மறையவில்லை; இடம் மாறியிருக்கிறது.

இனி மன்னாருக்கு வருவோம். இக்கரையில் எந்த விலையைக் கொடுக்கலாம், எதனைக் கொடுக்கக் கூடாது?

ஒளியைக் கொடுக்கலாம். வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. போர்த்துக்கேயர் 1560இல் எழுப்பி ஒல்லாந்தர் 1658இற் கைப்பற்றிய மன்னார்க் கோட்டையும், பள்ளிமுனையின் பழம்பெரும் பெருக்கமரமும் ஓடிவிடுபவை அல்ல. ஆகவே மிகப் பெரிய துவாரமுள்ள வில்லைக்கு இருமடங்கு பணம் செலவிடுவது வீண். எஃப் 4 போதும். படமெடுப்பதோ பெரும்பாலும் எஃப் 8இலேயே.

கோட்டின் நேர்மையைக் கொடுக்கக் கூடாது. கடலின் அடிவானம் வில்லையைச் சோதிக்கும் கடுமையான பரீட்சகர். நகரத்துத் தெருவில் மறைந்துபோகும் வளைவு, இராமர் அணைத் திட்டுகளை நோக்கி எடுத்த படத்தில் உடனே வெளிப்படும். சில மலிவான 14 மி.மீ. வில்லைகள் கோட்டை மீசைபோல அலைய விடுகின்றன; கணினியில் அதற்கென அமைந்த திருத்தக் கணக்கு இல்லாவிடில் அது நிமிராது.

முன்கண்ணாடியின் பாதுகாப்பையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. உப்புக் காற்றும் பறக்கும் மணலும் உள்ள இடம் இது. முன்புறம் குமிழாகப் புடைத்த வில்லைகளிற் காப்புக் கண்ணாடியைத் திருகிப் பூட்ட முடியாது. பூட்ட இடமுள்ள 16 முதல் 20 மி.மீ. வரையான வில்லையே இக்கரைக்கு ஏற்றது.

"இன்னும் அகலமாக வாங்கினால் என்ன?" என்று கேட்கலாம். பத்து மீற்றர் அகலமுள்ள சுவரை எடுத்துக்கொள்வோம். அதனை முழுவதும் அடக்க 50 மி.மீ. வில்லையுடன் ஏறத்தாழ 14 மீற்றர் பின்வாங்க வேண்டும். 20 மி.மீ. வில்லைக்கு ஐந்தரை மீற்றர் போதும். 14 மி.மீ. வில்லைக்கு நான்கு மீற்றர். ஆகவே 50இலிருந்து 20க்கு வருவது பெரிய இலாபம். 20இலிருந்து 14க்குச் செல்வது சிறிய இலாபம். அதற்காக ஓரத்திலுள்ள பனையும் மனிதனும் இழுபட்டுத் தோன்றுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய வில்லை வாங்குவோர் அதனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பூஞ்சணம் படர்ந்திருக்கிறதா என்று பார்ப்பாராக. படச்சுருட் காலத்துக் கண்ணாடிக் கமராக்களின் வில்லைகள் இணைப்பு வளையத்தின் உதவியால் இன்றைய கமராவிலும் பொருந்தும். பயோகொன் போல மிக அண்மையில் அமரும் வில்லைகளோ இன்றைய கமராவில் மூலைகளைக் குலைப்பதுண்டு. வங்காலையின் நீர்ப்பறவைகளை நாடிச் செல்வோர் விரிகோண வில்லையை வாங்கவே வேண்டா. அதிற் பூநாரை வெறும் புள்ளியாகிவிடும்.

வில்லையே வாங்க இயலாதவருக்கும் ஒரு வழி உண்டு. கமராவை நேர்மட்டமாக வைத்து, இடமிருந்து வலமாகத் திருப்பி, ஒன்றின்மேல் ஒன்று மூன்றிலொரு பங்கு படியுமாறு பல படங்களை எடுத்து இணைத்தல். தட்டுகளை அருகருகே வைத்து அகன்ற காட்சி அமைத்த முன்னோரின் முறையே இது. அலைகளுக்கும் மக்கள் கூட்டத்துக்கும் இது பயன்படாது. இடிந்த சுவருக்கு நன்கு பயன்படும்.

இடிந்த சுவர் என்னும்போது அரிப்பு நினைவுக்கு வருகிறது. முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காக, 1798 முதல் 1805 வரை தேசாதிபதியாயிருந்த பிரடெரிக் நோர்த் அங்கே எழுப்பிய மாளிகையை மக்கள் அல்லிராணிக் கோட்டை என்கின்றனர். கடல் கரையைத் தின்றுவர, அக்கட்டடம் பகுதி பகுதியாகச் சரிந்துவருகிறது. 1906இல் லெனாட் வுல்ஃப் பணியாற்றிய மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பு முகாமில் பல்லாயிரம் பேர் கூடினர். பருவம் முடிந்ததும் அந்த ஊரே கலைந்தது. தீவின் தென்கரையில் 2020 முதல் முப்பது காற்றாலைகள் நின்று வானத்தின் விளிம்பையே மாற்றிவிட்டன. இக்கரையில் எதுவும் நெடுநாள் அப்படியே இருப்பதில்லை.

லோட்டனுக்கு அரசு பணம் கொடுத்தது. இன்று அரிப்பின் சுவரைப் பதிவுசெய்ய அவ்வளவு பணம் வேண்டா. அளவான விலையில் 20 மி.மீ. வில்லை ஒன்றும், அதனைக் கொண்டு ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுக்கும் பொறுமையும் போதும். அகன்ற வில்லைக்காக ஐந்து ஆண்டு பணம் சேர்ப்பவர், சேர்த்து முடிக்கும் நாளில் படமெடுக்கச் சுவரில்லாமற் போகலாம்.