பேக் டு பேசிக்ஸ் (அரசியல் முழக்கம்)

பேக் டு பேசிக்ஸ்: அடிப்படைகளுக்குத் திரும்புவோம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் பரவலாக வழங்கும் தொடர். அரசியல் வரலாற்றில் இது, பிரிட்டன் பிரதமர் ஜான் மேஜர் 1993இல் எழுப்பிய முழக்கத்தையே பெரிதும் குறிக்கும்.

1970களில் அமெரிக்கக் கல்வித்துறையில் இத்தொடர் அடிபட்டது. சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் ஏவப்பட்டபின் பள்ளிகளில் வேகமாகப் பரவிய ‘புதிய கணிதம்’ பிள்ளைகளுக்குச் சாதாரணக் கூட்டல் பெருக்கலைக்கூட ஒழுங்காகக் கற்றுத்தரவில்லை என்று பெற்றோர் குறைப்பட்டனர். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வின் சராசரி மதிப்பெண்களும் 1960களின் நடுப்பகுதியிலிருந்து சரிந்துவந்தன. எழுத்தும் வாசிப்பும் கணக்கும்தான் முதலில் வேண்டும் என்ற குரல் வலுத்தது. பல மாநிலங்கள் குறைந்தபட்சத் திறன் தேர்வுகளைக் கொண்டுவந்தன.

மேஜருக்கு இருந்த நெருக்கடி வேறு. 1992 செப்டம்பர் 16 அன்று பவுண்டு ஐரோப்பிய நாணயமாற்று ஏற்பாட்டிலிருந்து வெளியேற நேர்ந்ததில் அரசின் பொருளாதார நற்பெயர் போயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தால் அவரது ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சி இரண்டுபட்டுக் கிடந்தது. 1993 அக்டோபரில் பிளாக்பூல் கட்சி மாநாட்டில் மேஜர் இம்முழக்கத்தை எடுத்தது கட்சியை ஒன்றுசேர்க்கத்தான். கட்டுக்கோப்பான பொருளாதாரம், பள்ளிக்கல்வி, சட்டம் ஒழுங்கு, அண்டை அயலாரிடம் மரியாதை என எல்லாமே அதில் அடங்கின. எல்லாவற்றையும் அடக்கியதே அதன் பலவீனம். தனிமனித ஒழுக்கம் பற்றித் தாம் பேசவில்லை என்று மேஜர் பின்னர் பலமுறை விளக்கினார். ஆனால் அதே ஆண்டு ஜூலையில் அமைச்சர் ஜான் ரெட்வுட் கார்டிஃபில் மணமாகாத தாய்மாரைப் பற்றிக் கடிந்து பேசியிருந்தார். எனவே பத்திரிகைகள் முழக்கத்தை ஒழுக்கப் பிரசாரமாக எடுத்துக்கொண்டதை விஷமம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது.

விளைவு உடனே தெரிந்தது. மணவாழ்வுக்கு வெளியே குழந்தை பெற்ற செய்தி வெளியானதால் 1994 ஜனவரியில் அமைச்சர் டிம் இயோ பதவி விலகினார். ஆளுங்கட்சியினரின் அந்தரங்கம் ஒவ்வொன்றாகச் சந்திக்கு வர, ஒவ்வொரு செய்திக்கும் இந்த முழக்கமே தலைப்பானது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்ப உறுப்பினர்கள் பணம் பெற்றதாகக் கார்டியன் நாளிதழ் 1994 அக்டோபரில் எழுதியதோடு, படுக்கையறை விவகாரமாக இருந்தது ஊழல் விவகாரமாயிற்று. 1997 தேர்தலில் கட்சி 165 இடங்களுக்குச் சுருங்கியது. மேஜருக்கே முன்பு சக கன்சர்வேட்டிவ் அரசியல்வாதி எட்வினா கரியுடன் மணவாழ்வுக்கு வெளியே உறவு இருந்தது 2002இல்தான் வெளிவந்தது. பிரதமராக இருந்தபோது வெளிவந்திருந்தால் அவர் பதவியில் நீடித்திருப்பது அரிது.

ஊழல் புகாரையடுத்து மேஜர் அமைத்த நோலன் குழு, பொதுவாழ்வில் இருப்போருக்கு ஏழு நெறிகளை 1995இல் வகுத்தது. பிரிட்டன் அமைச்சர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் அவை இன்றும் பொருந்தும்.