ஓடமும் பாலமும்

சிங்கப்பூரின் இருப்புப்பாதை 1903-ஆம் ஆண்டில் ஜொகூர் நீரிணையின் தென்கரையோடு நின்றது. அப்பால் செல்வோர் மூட்டை முடிச்சுகளுடன் இறங்கி, ஓடமேறி ஜொகூர் பாருவை அடைந்தனர். 1909-இல் ஜொகூர் இருப்புப்பாதை நிறைவுற்ற பின்னும் நீரிணையைக் கடக்க ஓடமே துணையாயிற்று. 1923-இல் கடற்பாலத்தின்மீது புகைவண்டி ஓடத் தொடங்கியது. இறங்கி ஏறும் தொல்லை ஒழிந்தது. கைப்பேசி வாசகரை வலைத்தளங்கள் உரிய பக்கத்திற்கு அழைத்துச் சென்ற வரலாறும் ஓடத்தில் தொடங்கிப் பாலத்தை அடைந்த வரலாறேயாம்.

உலாவியானது ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, தான் இன்னது என்னும் குறிப்பையும் உடன் அனுப்புகிறது. வழங்கி அதனைப் படித்துப் பக்கத்தைத் தரலாம். அன்றி, ‘வேறு முகவரிக்குச் செல்க’ என விடுக்கலாம். 1996 மே மாதம் வெளிவந்த எச்.டி.டி.பி. 1.0 விதிநூல் இவ்விடைகளுக்கு எண் வகுத்தது. நிலையாக இடம் மாறியதற்கு 301. தற்காலிகமாக மாறியதற்கு 302.

1997-இல் எரிக்சன், மோட்டோரோலா, நோக்கியா முதலிய நிறுவனங்கள் கூடி வாப் மன்றத்தை நிறுவின. சிறு திரைக்கெனத் தனிக் குறிமொழியும் தனிப் பக்கங்களும் தோன்றின. 2007-இல் வந்த ஐபோன் முழுப் பக்கங்களையும் காட்ட வல்லதாயினும், சிறு திரையில் எழுத்து நுணுகியது. ஆகவே தளங்கள் பல, கைப்பேசிக்கென வேறு முகவரி அமைத்து, வருவோரை அங்கே திருப்பின.

இங்கேதான் பிழை புகுந்தது. எப்பக்கத்தைத் தேடி வந்தவரையும் சில தளங்கள் முகப்பிலேயே இறக்கிவிட்டன. ஒரு செய்யுளின் உரையைத் தேடும் ஜொகூர் மாணவர் முகப்புப் பக்கத்தைக் கண்டு திகைப்பாராயின், அவ்வுரை அவருக்கு இல்லாததே ஆகும். நூலகத்தில் ஏட்டைக் கேட்டவருக்கு வாயிற்கதவைக் காட்டுவது போன்றதன்றோ இது! இத்தகைய தவறான திருப்பங்களைத் தேடல் வரிசையில் கணக்கிற்கொள்ளப் போவதாகக் கூகுள் 2013 சூன் மாதம் அறிவித்தது.

2010 மே 25-ஆம் நாள் ஈத்தன் மார்க்காட் வெளியிட்ட கட்டுரை வேறு வழி காட்டியது. பக்கம் ஒன்றே, முகவரியும் ஒன்றே. திரையின் அகலத்திற்கேற்பப் பக்கமே தன்னை ஒழுங்கு செய்துகொள்ளும். இதுவே பாலம். 2003-இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவும் கைப்பேசிக்கெனத் தனி முகவரி கொண்டிருந்தது. விக்கிப்பீடியா 2025-இல் அத்திருப்பத்தைக் கைவிட்டு ஒரே முகவரிக்கு வந்தது.

எனினும் திருப்பிவிடுதல் பயனற்றுப் போகவில்லை. தளம் இடம் மாறும்போதெல்லாம் அது வேண்டப்படும். ஆசிரியர் பாடக்குறிப்பில் எழுதிவைத்த பழைய முகவரி ஒவ்வொன்றும் அதற்கு நேரான புதிய பக்கத்தையே சென்றடைதல் வேண்டும். அச்சில் கிடைக்காத தமிழ் நூல்கள் பல இன்று வலையிலேயே படிக்கப்படுகின்றன. முகவரி பிழைத்தால் நூலும் மறையும். ஆகவே இது கணிப்பொறியாளர் கவலை மட்டுமன்று. ஏடு காப்போர் அனைவரின் கடமையுமாகும்.